ப. பிடித்தது பிறந்த ஊர்

விடுதிக் குளியலறைக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டியிருந்த அறிபொட்டுகளில் தன்னுடையது எது என்று மயிலாத்தாளுக்குத் தெரியவில்லை. எல்லாம் கறுப்பு, எல்லாம் மிளகளவு. குளிக்கப் போகிறவள் காதுக்குப் பின்னாலிருந்து பொட்டைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டுவதும், குளித்து வந்ததும் எடுத்து மறுபடி ஒட்டிக்கொள்வதும் செவ்வாய் மூன்றாம் குடியிருப்பின் பெண்கள் விடுதியில் அன்றாட வழக்கம். பொட்டு இல்லாத அந்தச் சில நிமிடங்களில் அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. சோப்பு எதற்கு என்றுகூடச் சிலர் தடுமாறுவதுண்டு. அந்த வேளையில் விடுதியிலேயே மெத்தப் படித்தது குளியலறைக் கண்ணாடிதான்.

போன வாரம் அவசரத்தில் அறைத்தோழி பெனாசிரின் பொட்டை ஒட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். பெனாசிர் கால்நடை மருத்துவ மாணவி. பூமியின் கடைசிப் பேரரசு ஏன் வீழ்ந்தது என்று பேராசிரியர் கேட்க, மயிலாத்தாள் எழுந்து நின்று, "குளம்புல புண்ணு வந்துதுங்க சார்" என்றாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அது சரிதானா என்று அவரவர் பொட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மயிலாத்தாள் என்ற பெயரைக் கேட்டுக் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய பெயர்களுக்கு அப்போது மறுபடி மவுசு வந்திருந்தது. அவளுக்குப் பூமிக் கணக்கில் வயது இருபத்தொன்று, செவ்வாய்க் கணக்கில் பதினொன்று. மூணாங்குடி என்று எல்லோரும் செல்லமாக அழைக்கும் அந்தக் குடியிருப்பை அமைத்தவர்கள் கொங்குப் பக்கத்துக்காரர்கள். கூடாரமும் காற்றும் எல்லாம் செயற்கையாகிப் போனாலும் பேச்சில் 'ங்க' மட்டும் அசலாகத் தங்கியிருந்தது.

மனத்தில் ஒரு கேள்வி எழுந்த மாத்திரத்தில் காதெலும்பு வழியாகப் பதிலைச் சொல்லிவிடுவது அறிபொட்டின் வேலை. எனவே மூணாங்குடியில் யாரும் எதையும் படிப்பதில்லை. படிப்பு இருந்தது, பட்டம் இருந்தது, படித்தல் என்ற வினை மட்டும் வழக்கொழிந்துவிட்டது. 'என்ன படிக்கறே?' என்றால் எந்தப் பட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று பொருள். கண்ணால் எழுத்தைப் பார்த்துப் பொருள் அறியும் காரியத்துக்கு 'எழுத்துப் பார்த்தல்' என்று பெயர். அதை மூன்றாம் வகுப்பில் தடுப்பூசி போல ஒரு தடவை போட்டுவிடுவார்கள். பிறகு வாழ்நாள் முழுக்க யாருக்கும் அது தேவைப்படாது.

தேவைப்படும் ஒரே இடம் தேடல் தாள். குடியிருப்பை அமைத்த முன்னோர்களுக்கு என்ன பயமோ, பட்டம் வாங்குகிறவர் எவராயினும் ஒரே ஒரு கேள்விக்காவது பொட்டைக் கழற்றிவைத்துவிட்டு, நூலகத்திலும் பழைய வலையிலும் தானே தேடி, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரங்களோடு விடை எழுத வேண்டும் என்று விதி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த விதியை நீக்க வேண்டும் என்று மாணவர்கள் போராடாத வருடமில்லை. நிர்வாகத்துக்கும் சம்மதம்தான். ஆனால் விதியை நீக்க வேண்டுமானால் அது எங்கே எழுதியிருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். தேடத் தெரிந்தவர்தான் யாருமில்லை.

மயிலாத்தாள் இந்தத் தாளில் தேறியே ஆக வேண்டும். பூமியும் செவ்வாயும் நெருங்கி வரும் காலத்தில் மட்டும் புறப்படும் பயணக் கப்பலில் பட்டதாரிகளுக்குத்தான் இடம். தவறினால் இன்னொரு முழு வருடம் விடுதி. செவ்வாயில் ஒரு வருடம் என்பது பூமியில் ஏறக்குறைய இரண்டு. அதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். மழையைத்தான் பொறுக்க முடியவில்லை. மூணாங்குடியில் தண்ணீர் குழாயில் வரும், தரைக்கடியிலிருந்து வரும், குடியிருப்போரின் வியர்வையைப் பிழிந்தும் வரும். மேலிருந்து மட்டும் வராது. ஒரே ஒரு தடவை நடுத்தெருவில் நின்று தலையோடு கால் நனைய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பெனாசிரிடம் சொன்னபோது, "சளிப் புடிக்கும்டி" என்றாள் அவள்.

கேள்விகளைக் குலுக்கிப் போட்டார்கள். மயிலாத்தாளுக்கு வந்தது இது: 'பேரறிஞர் ப. பிடித்தது பிறந்த ஊர் எது? ஆதாரத்துடன் நிறுவுக.'

ப. பிடித்தது யார் என்று மூணாங்குடியில் கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இருபத்தோராம் நூற்றாண்டுத் தமிழின் ஈடு இணையற்ற மேதை அவர். மருத்துவம், இல்லறம், வானியல், அரசர் கதை என்று அவர் எழுதாத துறை கிடையாது. வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர் குடித்தால் நாற்பது நோய் அண்டாது என்று அவர் எழுதிவைத்ததால், உருளைக்கிழங்கு பயிரிடவே இடமில்லாத மூணாங்குடியில் சீரகத்துக்கென்று தனிக் கூடாரம் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் படுத்தால் இதயம் வலுக்கும் என்று அவர் சொன்னதற்காக விடுதிக் கட்டில்கள் எல்லாம் இடப்பக்கம் சாய்த்தே செய்யப்பட்டிருந்தன. தூக்கத்தில் புரண்டவர்கள் தரையில் எழுந்தார்கள். இருந்தாலும் யாரும் முணுமுணுக்கவில்லை, வெளிநாட்டு விஞ்ஞானிகளே அவர் சொன்னதைக் கேட்டு வியந்துபோனதாக அவரே எழுதியிருக்கிறாரே.

நூலக வாசலில் அவருக்குச் சிலை உண்டு. முகம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் சிற்பி அவரை இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிந்திப்பது போலச் செதுக்கியிருந்தார். இருபுறமும் அவருடைய சீடர்களான ந. அனுப்பியது, இ. கண்டது ஆகியோரின் சிலைகள் சற்றுச் சிறியனவாக நின்றன.

மயிலாத்தாள் நூலக வாசல் கண்ணாடியில் பொட்டை ஒட்டிவிட்டு உள்ளே போனாள். மண்டைக்குள் அப்படியொரு நிசப்தம். தன் மூச்சுச் சத்தம் கேட்டே ஒரு தடவை திடுக்கிட்டாள்.

நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் இயந்திரத்துக்குப் பட்டியலார் என்று பெயர். உலகத்தில் எழுதப்பட்டது, சொல்லப்பட்டது, பகிரப்பட்டது எல்லாவற்றையும் சேர்த்து, யார் எழுதியது என்று குறித்து, அடுக்கிவைப்பது அதன் கடமை. உருண்டை உடம்பும் நீண்ட கைகளுமாக, ஏணி இல்லாமல் எந்த அலமாரியையும் எட்டும். மரியாதை மிகுந்த இயந்திரம்.

"வணக்கம். தங்களுக்கு எது வேண்டும்?" என்றது.

"பழைய வலைல தேடோணுங்க. எப்படீங்க?"

பட்டியலார் ஒரு திரையையும் எழுத்துப் பலகையையும் காட்டியது. மயிலாத்தாள் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக் கண்டுபிடித்து, 'ஐயா வணக்கம், ப. பிடித்தது ஐயா எந்த ஊருங்க, கொஞ்சம் சொல்லுங்க' என்று எழுதினாள். பழைய வலை அவளுக்கு வணக்கம் குறித்த எட்டு லட்சம் பக்கங்களைக் கொடுத்தது.

அன்று மாலைக்குள் அவள் ஓரளவு தேறிவிட்டாள். தேடும்போது வலைக்கு மரியாதை வேண்டாம், முக்கியமான இரண்டு சொல் போதும் என்று தெரிந்துகொண்டாள். முதலில் வந்து விழும் விடை முந்திக்கொண்டு வந்ததே தவிர முழுதாகத் தெரிந்துகொண்டு வந்ததல்ல என்பதையும் புரிந்துகொண்டாள். அடுத்த நாள் இன்னொன்று பிடிபட்டது. பேரறிஞர் காங்கேயத்தில் பிறந்தார் என்று நூறு பக்கங்கள் சொல்லின. நூறிலும் 'பேரறிஞ்ஞர்' என்று ஒரு 'ஞ்' கூடுதலாக இருந்தது. நூறு பேர் ஒரே விஷயத்தைச் சரியாகச் சொல்லலாம், ஆனால் நூறு பேரும் ஒரே இடத்திலா தடுக்கி விழுவார்கள்? இது நூறு ஆதாரம் அல்ல, ஒரே ஆதாரம் நூறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அந்தச் சந்தோஷத்தில் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனாள்.

அந்த ஒன்று எது என்று நூல் பிடித்துக்கொண்டு போனாள். நூறு பக்கங்களும் ஒரு கலைக்களஞ்சியத்தைக் காட்டின. கலைக்களஞ்சியம், பேராசிரியர் அவினாசியப்பன் எழுதிய தலையணை மொத்தப் புத்தகத்தைக் காட்டியது. அந்தப் புத்தகத்தின் அடிக்குறிப்பைப் போய்ப் பார்த்தால் அது அதே கலைக்களஞ்சியத்தைக் காட்டியது. கழுதை தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு செக்குச் சுற்றியது போலிருந்தது.

பேராசிரியர் அவினாசியப்பன் கல்லூரியின் பிடித்தது ஆய்விருக்கைத் தலைவர். அவருடைய முன்னோர்களும் காங்கேயத்துக்காரர்கள்தான் என்பது தற்செயல் என்று அவரே முன்னுரையில் எழுதியிருந்தார். அவர் அறைக்கு மயிலாத்தாள் போனபோது சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வா அம்மிணி, உட்காரு. நல்ல கேள்வி உனக்கு. காங்கேயம்னு எழுது. முடிஞ்சுது."

"ரெண்டு ஆதாரம் வேணுங்களே சார். உங்க புஸ்தகம் களஞ்சியத்தைக் காட்டுது, களஞ்சியம் உங்க புஸ்தகத்தைக் காட்டுதுங்க."

"பார்த்தியா? ரெண்டும் ஒத்துப்போகுதில்ல? இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

மயிலாத்தாள் தயங்கினாள். "இன்னொண்ணுங்க சார். அவரோட முதல் கட்டுரைக்கும் கடைசிக் கட்டுரைக்கும் நடுவால நூறு வருசத்துக்கு மேல இருக்குதுங்க. சில நாள்ல ஆயிரம் கட்டுரைகூட எழுதியிருக்காருங்க. அதுலயும் தீபாவளி அன்னிக்கு..."

"சீரகத் தண்ணி குடிச்சவரு அம்மிணி!" என்றார் பேராசிரியர். குரலில் உண்மையான பக்தி இருந்தது. "நாமெல்லாம் அவரை அளந்து பார்க்கலாமா? பட்டம் வாங்கினமா, கப்பல் ஏறினமான்னு இரு."

பட்டியலார் விடைத்தாளைச் சோதிக்கும்போது இரண்டு ஆதாரங்களும் ஒன்றையொன்று காட்டினால் பூஜ்யம் போட்டுவிடும். காங்கேயம் என்று எழுதினால் கப்பல் இல்லை. எழுதாவிட்டால் பேராசிரியருக்குக் கோபம். மயிலாத்தாள் வராண்டாவில் நின்று கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி நூலகத்துக்கே போனாள். மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொன்னது போதும், அவர் எழுதியதையே பார்த்துவிடலாம் என்று அவருடைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

முதலில் கண் வலித்தது. வரி தவறியது. போகப் போக, எழுத்துக்குப் பின்னால் ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். ஒரு கட்டுரையை எழுதியவர் மாமியாரிடம் படாத பாடு பட்டவர், சந்தேகமே இல்லை. இன்னொன்றை எழுதியவர் எப்போதோ ஒரு பேருந்தை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தவர். இத்தனை பேர் ஒருவருக்குள் எப்படி இருந்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. நாலாவது நாள் மழையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு கிடைத்தது. துணி காயப்போட்ட கொடியில் மழைத்துளிகள் வரிசையாக ஓடி வந்து, நடுவில் சந்தித்து, கனம் தாங்காமல் விழுவதை யாரோ ஒரு பெண் பார்த்து எழுதியிருந்தாள். ஆமாம், பெண்தான். மயிலாத்தாள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அடியில் ப. பிடித்தது என்று பட்டியலார் போட்ட குறிப்பு இருந்தது.

மத்தியானம் உணவகத்தில் பெனாசிரின் எதிரே உட்கார்ந்ததும் அந்த மழைக் குறிப்பை ஒப்பித்தாள். பெனாசிர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நல்லா இருக்குதுடி. உம்பட பொட்டு சொல்லுச்சா?"

"பொட்டு எங்க சொல்லுச்சு? நானே எழுத்துப் பார்த்துக் கண்டுபுடிச்சேன். அந்தக் காலத்துல அதுக்குப் படிக்கறதுன்னு சொல்லியிருக்காங்க புள்ள. நானும் நாலு நாளாப் படிக்கறேன். இதுவரைக்கும் படிச்சதுல பிடிச்சது..."

அவள் வாய் அப்படியே நின்றது. சோற்றுக் கவளம் கையிலேயே நின்றது.

"என்னடி? புரை ஏறிருச்சா?"

"படிச்சதுல பிடிச்சது" என்றாள் மயிலாத்தாள் மெதுவாக. பிறகு, "படித்ததில் பிடித்தது" என்றாள். "ப. பிடித்தது!"

கை கழுவாமலே நூலகத்துக்கு ஓடினாள்.

"எனக்குப் பட்டியல் வேண்டாங்க. பழைய மூலத்தை அப்படியே படமாக் காட்டுங்க" என்றாள் பட்டியலாரிடம். பட்டியலார் காட்டியது. பழங்காலத்துக் கைபேசித் திரையின் படம். மேலே ஒரு தாமரை, கூப்பிய கைகள், காலை வணக்கம். நடுவில் சீரகத் தண்ணீர். அடியில், தனி வரியில், 'படித்ததில் பிடித்தது'. அடுத்ததைக் காட்டச் சொன்னாள். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததில் 'நண்பர் அனுப்பியது'. அதற்கும் அடுத்ததில் 'இணையத்தில் கண்டது'. வாசலில் நிற்கும் சீடர்களை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இதைப் போய் எப்படீங்க ஒரு ஆளோட பேருன்னு எழுதினீங்க?"

பட்டியலார் நிதானமாக விளக்கியது. "கட்டுரையின் அடியில் தனியே நிற்பது ஆசிரியர் பெயர். இரண்டு சொற்கள் இருப்பின் முதலாவது தந்தையின் பெயர். தமிழ் மரபுப்படி அதை முதலெழுத்தாகச் சுருக்கினேன். தந்தை பெயர் படித்ததில். மகன் பெயர் பிடித்தது."

"படித்ததில்னு ஒரு அப்பனுக்குப் பேரு இருக்குமாங்க?"

"மன்னிக்க வேண்டும். அக்காலத்துத் தமிழர் தம் பெண் மக்களுக்குப் போதும்பொண்ணு என்று பெயரிட்டதற்கு என்னிடம் சான்று உள்ளது. வேண்டாம் என்றும் பெயரிட்டுள்ளனர். வேண்டாம் என்று பெயர் வைத்தவர்கள் பிடித்தது என்று வைத்திருக்க மாட்டார்களா?"

அந்த இயந்திரம் தமிழர்களை நன்றாகத்தான் புரிந்துவைத்திருந்தது.

இரண்டாவது ஆதாரம் ஒரு பழைய வார இதழில் கிடைத்தது. பக்கத்தின் மூலையில் கட்டம் கட்டி, 'படித்ததில் பிடித்தது' என்று தலைப்பிட்டு, வாசகர் ஒருவர் வேறெங்கோ படித்த துணுக்கை அனுப்பியிருந்தார். அனுப்பிய வாசகரின் பெயர் இருந்தது, ஊர் இருந்தது. எழுதியவரின் பெயரைத்தான் காணோம். கைபேசிப் படம் இதழைப் பார்த்ததில்லை, இதழ் அச்சானபோது அந்தக் கைபேசி பிறக்கவே இல்லை. ஒன்றையொன்று பாராத இரண்டு சான்றுகள்.

விடுதிக்குத் திரும்பி, ஒரே மூச்சில் விடையை எழுதினாள். 'ப. பிடித்தது என்று ஒருவர் பிறக்கவே இல்லை. யாரோ எழுதினார்கள். யாரோ படித்தார்கள். பிடித்ததால் பகிர்ந்தார்கள். பகிர்ந்த அவசரத்தில் எழுதியவரின் பெயரைக் கீழே போட்டுவிட்டார்கள். ஆகவே அவர் ஒருவரல்லர், பெயரிழந்த லட்சம் பேர்' என்று ஆரம்பித்து இரண்டு சான்றுகளையும் இணைத்தாள். எழுதி முடித்ததும் மனசு நிறைந்திருந்தது. இனி அந்த மழைப் பெண்ணின் பெயரையும் யாராவது தேடுவார்கள் என்று நம்பினாள்.

அன்றே கொடுத்திருக்கலாம். மூன்றாவதாக ஒரு சான்றும் சேர்த்தால் நல்லது என்று ஒரு நாள் தள்ளிப்போட்டாள். கவனம் என்பதே அப்படித்தான், எப்போதும் ஒரு நாள் பிந்தும். அவசரத்துக்கு அந்தக் கவலை கிடையாது. அன்று மாலை பெனாசிர் அந்த விடையை முழுக்க வாசிக்கக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தோழியைக் கட்டிக்கொண்டாள். பெருமை தாங்காமல் அதைத் தன் பொட்டு வழியே கால்நடைத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பிவைத்தாள். முதல் வரியில் இருந்த மயிலாத்தாளின் பெயரையும் பதிவெண்ணையும் கேட்பவர்களுக்கு அலுப்பூட்டும் என்று பொட்டு தானாகவே வெட்டிவிட்டது. கடைசியில் பெனாசிர் தன் பங்குக்கு, அன்று புதிதாகக் கற்றுக்கொண்ட அருமையான பழந்தமிழ்த் தொடரைச் சேர்த்தாள்.

'படித்ததில் பிடித்தது.'

விடிவதற்குள் மூணாங்குடி முழுவதும் அது பரவிவிட்டது. நாலாங்குடிக்கும் போய்விட்டது. பட்டியலார் கடமை தவறாத இயந்திரம். பகிரப்பட்டதைச் சேர்த்தது, அடி வரியைப் பார்த்தது, அடுக்கிவைத்தது.

இரண்டு நாள் கழித்து மயிலாத்தாளைப் பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பட்டியலாரும் வந்திருந்தது. பேராசிரியரின் கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன. கோபம் என்று நினைத்தாள். அது ஆனந்தக் கண்ணீர்.

"கேட்டியா அம்மிணி? பேரறிஞரோட புதுப் படைப்பு ஒண்ணு கிடைச்சிருக்குது. பட்டியலார் போட்ட தலைப்பே 'நான் பிறக்கவில்லை'. என்ன ஒரு வேதாந்தம்! 'அவர் ஒருவரல்லர், பெயரிழந்த லட்சம் பேர்'னு தன்னையே சொல்லிக்கறார். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு எனக்கு. காங்கேயம்னு எழுதினேனே, நான் ஒரு மடையன். ஞானிக்கு ஏது ஊரு?"

"சார், அது நான் எழுதினதுங்க!"

"அப்படித்தான் தோணும். நல்ல எழுத்துன்னா நாமளே எழுதின மாதிரித்தான் இருக்கும்" என்றார் பேராசிரியர் பரிவோடு.

பட்டியலார் தொண்டையைச் செருமும் ஓசை ஒன்றை எழுப்பியது. "மாணவி அளித்த விடை, ப. பிடித்தது அவர்களின் கட்டுரையோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறது. கட்டுரை முந்தியது. விடை ஒரு நாள் பிந்தியது. முந்தியது மூலம், பிந்தியது திருட்டு. வருந்துகிறேன்."

"இது அந்த ஆளே இல்லைன்னு நான் எழுதினதுங்க! இல்லாத ஆளுகிட்டயிருந்து எப்படீங்க திருட முடியும்?"

"ஆளில்லை என்பதற்கு என்ன சான்று?"

"நான் எழுதினதுதாங்க!"

"அதை எழுதியவர் ப. பிடித்தது" என்றது பட்டியலார்.

மயிலாத்தாள் பெனாசிரைச் சாட்சிக்குக் கூட்டிவந்தாள். பெனாசிர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். "நாந்தானுங்க அனுப்பினேன். அவ எழுதுனதுதானுங்க. அடியில அந்த வரியைச் சேர்த்தது நாந்தானுங்க." பட்டியலார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ஆசிரியரின் கையொப்பம். அதை மற்றவர் போட்டால் போலிக் கையொப்பக் குற்றமாகும். சாட்சி அதை ஒப்புக்கொள்கிறாரா?" என்றது. பெனாசிர் ஆமாம் என்று வாயெடுத்தாள். மயிலாத்தாள் அவள் கையைப் பிடித்து, பேசாதே என்று அழுத்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே செம்புழுதி பறந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வருடம், செவ்வாய் வருடம், இந்தப் புழுதியையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். நேர்மையாகத் தேடியதற்கு இதுதான் கிடைத்ததா?

பேராசிரியர் இளகிய மனம் படைத்தவர். ஆனந்தத்திலும் இருந்தார். "ஒரு வழி இருக்குது அம்மிணி. எடுத்த இடத்தைச் சொல்லிட்டா அது திருட்டு இல்ல, ஆராய்ச்சி. அடிக்குறிப்பு ஒண்ணு போட்டுரு. 'ஆதாரம்: ப. பிடித்தது'. அவ்வளவுதான்."

"அப்ப மார்க்குங்க?"

"ஒரு மனுசன் எங்க பொறந்தான்னு அவனே சொல்றதைவிட நேரடி ஆதாரம் வேற உண்டா?" என்றார் பேராசிரியர். பட்டியலாரும் அதை ஆமோதித்தது.

மயிலாத்தாள் பேனாவை எடுத்தாள். உண்மை ஒரு பக்கம் இருந்தது, மழை ஒரு பக்கம் இருந்தது. கொடியில் துளிகள் ஓடி வந்து நடுவில் சந்தித்து விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டு அடிக்குறிப்பைப் போட்டாள்.

முதல் வகுப்பில், சிறப்புத் தகுதியோடு தேறினாள். ஒருவர் பிறக்கவில்லை என்பதற்கு அவரையே சாட்சிக்கு அழைத்துவந்த முதல் ஆய்வு என்று கல்லூரியே பாராட்டியது. பட்டமளிப்பு நாளில் சிலையின் பீடத்தில் புதிய கல்வெட்டைத் திறந்துவைத்தார்கள். 'பேரறிஞர் ப. பிடித்தது. பிறந்த ஊர்: பிறக்கவில்லை.' கீழே சிறிய எழுத்தில், ஆதாரம் அவரே என்று இருந்தது. பேராசிரியர் தன் தலையணைப் புத்தகத்தின் புதிய பதிப்பை இரண்டு தலையணை மொத்தத்துக்கு எழுதத் தொடங்கினார்.

பெனாசிரைக் கட்டியணைத்து விடைபெற்று, மயிலாத்தாள் கப்பல் ஏறினாள். மாதக்கணக்கில் பயணம். பூமி முதலில் ஒரு பொட்டாகத் தெரிந்து, பிறகு எலுமிச்சையாகி, கடைசியில் ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டது. இறங்கும் இடத்தில் கனமழை என்று அறிவித்தார்கள். பட்டதாரிகள் எல்லோரும் இருக்கையில் கட்டப்பட்டபடியே கைதட்டினார்கள்.

அப்போது காதுக்குப் பின்னால் பொட்டு மெல்லக் கிசுகிசுத்தது. ஊரிலிருந்து பெனாசிர் அனுப்பியிருந்தாள். அவளுக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள்.

'வேற்றுக் கோளிலிருந்து வந்து முதன்முதலாக மழையில் நனைபவர்கள், நனைவதற்கு முன் மூன்று மிடறு சீரகத் தண்ணீர் குடித்தால் நுரையீரலில் நீர் கோக்காது. வெளிநாட்டு விஞ்ஞானிகளே வியந்துபோனார்கள். ப. பிடித்தது.'

மயிலாத்தாள் சிரித்தாள். இப்படியொரு ஆள் இல்லை என்று இரண்டு கோள்களிலும் சேர்த்துத் தானே தேடித் தெரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். வேற்றுக் கோளிலிருந்து வந்து நனைந்தவர்களை அந்தக் காலத்தில் யார் பார்த்திருக்க முடியும் என்று யோசித்தாள். எங்கிருந்து வந்தது, முதலில் யார் சொன்னது, இரண்டாவது ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். தேடத் தெரியும் அவளுக்கு. அரை நாள் ஆகும். கப்பலோ இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

சும்மா சீரகத் தண்ணீர்தானே, குடித்தால் என்ன கெட்டுவிடப் போகிறது?

"எதுக்கும் இருக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் கேட்டாள். மூன்று மிடறு குடித்தாள். பக்கத்து இருக்கைகளில் இருந்தவர்கள் பாவம், அவர்களுக்கும் முதல் மழை. அவர்களுக்கும் பயன்படட்டுமே என்று அதை அப்படியே கப்பலில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினாள்.

கப்பல் தரையைத் தொடுவதற்குள் சீரகத் தண்ணீர் தீர்ந்துபோனது. கதவு திறந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. டம்ளர் கிடைக்காதவர்கள் எல்லோரும் இறங்க மாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.